ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ நிலக்கரி

ராம்கட்டிலிருந்து ராஞ்சிக்கு ஏறும் மலைப்பாதையில் விடியும் முன்பே சைக்கிள்கள் வரிசையாகத் தென்படும். அவற்றை எவரும் மிதிப்பதில்லை, தள்ளுகிறார்கள். ஒவ்வொன்றின் இருபுறமும் நிலக்கரி மூட்டைகள், 200 கிலோவுக்கும் மேல். கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்தும் அவற்றின் விளிம்புகளிலிருந்தும் பொறுக்கிய கரி அது. தேநீர்க் கடைக்கும் வீட்டு அடுப்புக்கும் போகிறது. தள்ளுபவர் புறப்படுமுன் உண்டது முந்தைய இரவின் சோறும் வெங்காயமும் பச்சை மிளகாயும். வழிக்குச் சத்து எனப்படும் வறுத்த கடலை மாவு ஒரு முடிச்சு.

ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 3,500 கிலோகலோரி. இந்திய நிலக்கரியின் நடுத்தர ரகங்களில் ஒரு கிலோவுக்கு 4,000 கிலோகலோரி அளவு. எடைக்கு எடை பார்த்தால், வயிற்றில் இருப்பதும் மூட்டையில் இருப்பதும் அதிகம் வேறுபட்டவை அல்ல.

இந்த ஒப்புமை வெறும் எண்விளையாட்டு அன்று. 1780களில் பாரிஸில் லவாய்சியேயும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் ஒரு கினிப்பன்றியை வைத்தனர். அதன் உடல்வெப்பம் உருக்கிய பனியை, எரியும் கரி உருக்கிய பனியோடு ஒப்பிட்டு, சுவாசம் என்பது மெதுவான எரிதலே என்ற முடிவுக்கு வந்தனர்.

வகுப்பறைகளில் இன்றும் ஒரு பிழை தொடர்கிறது: உணவின் பிணைப்புகளில் ஆற்றல் அடைபட்டிருக்கிறதாம், அவை உடையும்போது வெளிப்படுகிறதாம். உண்மை நேர்மாறானது. எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றலைச் செலவிட வேண்டும். கரிமமும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறும்போது உருவாகும் வலிய பிணைப்புகளே செலவினும் மிகுதியான ஆற்றலைத் தருகின்றன. ஆகவே ஆற்றல் மூட்டைக்குள் மட்டும் இல்லை. பாதிப் பங்காளி காற்றில் இருக்கிறது. ஒரு கிலோ கரிமம் முழுதாக எரிய 2.67 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அடுப்பு அதை ஊதுகுழலால் பெறும். மேட்டில் சைக்கிளைத் தள்ளுபவர் மூச்சிரைத்துப் பெறுகிறார்.

இனி ஒரு கணக்கு. 200 கிலோ கரியில் 8 லட்சம் கிலோகலோரி. கடும் உழைப்பாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 3,500 கிலோகலோரி தேவை எனக் கொண்டால், அவர் தள்ளிச் செல்வது அவருடைய ஏழரை மாத உணவுக்கு ஈடான ஆற்றல். அவர் உண்டதிலோ நான்கில் ஒரு பங்குகூட வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுவது அரிது. மீதியெல்லாம் உடற்சூடாகி வியர்வையோடு போய்விடும்.

அரிசியிலும் கரியிலும் இருப்பது சூரிய ஒளிதான். ஒன்று சென்ற பருவத்தில் வயலில் விழுந்தது. மற்றொன்று 25 கோடி ஆண்டுகளுக்கும் முன் கோண்ட்வானாக் காடுகளில் விழுந்தது.

2012 முதல் இந்நாட்டில் நிலக்கரி தரம் பிரிக்கப்படுவது அதன் மொத்த வெப்ப மதிப்பைக் கொண்டு. ஒரு கிலோவில் எத்தனை கிலோகலோரி என்பதற்கேற்ப 17 தரங்கள். கரியின் ஒவ்வொரு கலோரிக்கும் கணக்கு இருக்கிறது. அதை மேட்டில் ஏற்றியவர் எரித்த கலோரிக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை. சட்டத்தின் கண்ணில் அந்தக் கரியே திருட்டுக் கரி.

மாலையில் மூட்டை விற்றதும் அவர் முதலில் வாங்குவது அரிசி. நாளைக்கு வண்டி நகர அது வேண்டும்.