பழைய ரம்பம்

பெயர் இல்லாத ஒரு யந்திரத்தை இன்னதென்று அறிவது எப்படி என்ற கேள்வி எனக்கு ஐம்பது வயதுக்குமேல்தான் வந்தது. ஒட்டியிருக்கும் லேபிளை நம்பலாம். விற்றவன் வார்த்தையை நம்பலாம். இரண்டுமே எனக்குக் கிட்டின, இரண்டுமே உதவவில்லை. மூன்றாவது வழி அதைக் கழற்றுவது.

2023-ல் பட்டுக்கோட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் மரம் அறுக்கும் மிஷின் ஒன்று கிடைத்தது. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் வெயிலில் வெளிறிப் பரங்கிக்காயின் உட்புற நிறத்துக்கு வந்திருந்தது. கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும். பக்கத்தில் 58 என்ற எண் மாத்திரம் முழுசாக இருந்தது. ஓடுமா என்று கேட்டேன். "ஓடுனா இங்க ஏன் சார் வருது?" என்றார் கடைக்காரர். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அந்த பதிலுக்காகவே பேரம் பேசவில்லை.

தேவை இருந்தது. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது எங்கள் தோப்பும் விழுந்த தோப்புகளில் ஒன்று. விழுந்ததை அந்த மழைக்காலத்திலேயே அறுத்து அகற்றியாயிற்று. சாய்ந்தும் சாகாமல் நின்றவை நாலு. பேராவூரணிப் பக்கம் யாரும் அப்படி நிற்கும் தென்னையை வெட்டமாட்டார்கள். அதுவாக ஒரு முடிவுக்கு வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஐந்து வருஷத்தில் அந்த நாலுக்குள்ளும் சிவப்புக் கூன்வண்டு இறங்கிவிட்டது. குருத்து சாய்ந்தது. இனி வெட்டாவிட்டால் வண்டு மற்ற மரங்களுக்கும் போகும்.

மரம் அறுக்க எங்களுக்கு வழக்கமாக வருகிறவருடைய மிஷின் முந்தின வருஷம் பிஸ்டன் பிடித்துச் செத்துப்போயிற்று. அதிலிருந்து வாடகை மிஷினில் அறுக்கிறார். கூலியில் பாதி வாடகைக்குப் போய்விடும். நான் ஒன்றை வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடுவது, என் தோப்பு வேலைக்கு அவர் வருவது, மற்ற நாட்களில் அவரே வைத்துக்கொள்வது — இதுதான் பேச்சு. ஆகவே இது எனக்கு ஒரு பொழுதுபோக்கு அல்ல, ஒரு மனிதனுடைய பாதிக் கூலி.

முதலில் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே எண்ணெயோடு இறுகிய தூள் செங்கல் மாதிரி கிடந்தது. அதை ஒரு தாளில் சுரண்டிப் போட்டுப் பார்த்தால் எல்லாம் நார். வேம்போ மாவோ நார் நாராக வராது. அதாவது இது தென்னை அறுத்த மிஷின். புயலுக்குப் பின் இந்தப் பிரதேசத்தில் அவசர அவசரமாக வாங்கப்பட்ட நூற்றுக்கணக்கான மிஷின்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகம்தான். ஆனால் லேபிளைவிட அந்த நார் நம்பகமான சாட்சி.

அடுத்தது செயின். செயினுக்கும் பெயர் இருக்கிறது, அது எண்களில் இருக்கிறது. அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் மையத்தை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச். எனக்கு 16.5 மில்லிமீட்டர் வந்தது, பாதி 8.25, அங்குலத்தில்.325. பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணிகளில் 58 என்று சின்னதாகப் பொறித்திருந்தது. ஒரு கணம் உடம்பில் ஒட்டியிருந்த 58-ம் இதுவும் ஒன்றென்று நினைக்கத் தோன்றும். இல்லை, இது கண்ணியின் தடிமன், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 58 பங்கு. 76 கண்ணிகள், 38 பற்கள், வலம் 19, இடம் 19. ஆக 20 அங்குல பார். இவ்வளவு தெரிந்தால் புதுச் செயின் வாங்கக் கம்பெனிப் பெயர் தேவையே இல்லை.

பற்கள் வலமும் இடமுமாக மாறி மாறி இருப்பதற்குப் பின்னால் ஒரு புழு இருக்கிறது. 1946-ல் அமெரிக்காவின் ஆரகன் பகுதியில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டின் புழு கட்டையை நேராகவும் குறுக்காகவும் ஒரே மாதிரி தின்றுகொண்டு போவதைப் பார்த்தார். அதன் தாடை வலமும் இடமுமாகச் சீவிக்கொண்டு போயிற்று. அதுவரை இருந்த செயின் பற்கள் மரத்தைச் சுரண்டின. காக்ஸ் அந்தத் தாடையை எஃகில் செய்தார். அடுத்த வருஷம் போர்ட்லண்டில் கம்பெனி ஆரம்பித்தார். இன்று உலகம் பூராவும் ஓடுகிற செயின்கள் பெரும்பாலும் அதன் வாரிசுகள். எங்கள் மரத்தைத் தின்ற கூன்வண்டின் புழு வேறு ஜாதி. ஆனாலும் வண்டு தின்ற மரத்தை அறுக்க வண்டின் தாடை வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஒருவிதமான கசப்பான சிரிப்பைத் தந்தது.

கயிற்றைப் பிடித்து மிஷினைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல கம்ப்ரெஷன் இருந்தால் படிப்படியாக நின்று நின்று இறங்கும். இது கிணற்று வாளி மாதிரி இறங்கிற்று. சைலன்ஸரைக் கழற்றி ஓட்டை வழியாகப் பார்த்தபோது பிஸ்டனில் நெடுக்குக் கீறல்கள். எண்ணெய் குறைந்தோ காற்று அதிகமாகியோ ஒருமுறை உள்ளே தீய்ந்திருக்கிறது. சிலிண்டரைக் கழற்றியதால் ஒரு லாபம். உள்விட்டத்தை வெர்னியரில் அளக்க முடிந்தது: 45.2 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலே நிற்கும் உயரத்துக்கும் கீழே நிற்கும் உயரத்துக்கும் வித்தியாசம் 32.5. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆரத்தின் வர்க்கத்தை 3.1416-ஆல் பெருக்கி, உயரத்தால் பெருக்கினால் 52.1 கன சென்டிமீட்டர் வருகிறது.

58 அல்ல, 52. இரண்டுமுறை அளந்தேன். நம் பத்திரிகைகளில் கவிதைகள்மீது லேபிள் ஒட்டுகிற நண்பர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதை இங்கே நீட்டப் போவதில்லை. மரம் அறுக்கிறவரிடம் சொன்னேன். லேபிளைச் சுரண்டிவிடலாம் என்றேன். "வேணாம் சார். அம்பத்தெட்டுன்னா நாளைக்கு விக்கறப்ப ஐநூறு கூடப் போகும்" என்றார். அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. லேபிளுக்கு உண்மையோடு சம்பந்தமில்லாத ஒரு விலை உண்டு, அது இருந்துவிட்டுப் போகிறது.

புதுப் பிஸ்டன், ரிங், கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர்த் தாள்கள், பெட்ரோல் குழாய், ஃபில்டர், பிளக். குழாய் தொட்டால் ஒடிந்தது. உள்ளேயிருந்த பெட்ரோல் பல மாதம் நின்று வார்னிஷ் வாடைக்கு வந்துவிட்டது. இப்போது விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோலை டாங்கில் விட்டுவைக்கவே கூடாது. இந்தச் சாமான்களை எல்லாம் மாட்டிய மெக்கானிக் ஒரு காலத்தில் டிவிஎஸ் 50-களைக் கழற்றிப் பூட்டியவர். டூ-ஸ்ட்ரோக் என்றதும் அவர் முகத்தில் வந்த பிரகாசத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் தெரிந்தது, பிரேக் இல்லை. கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தடுப்பு இருந்தது, ஆனால் ஆடிற்று. அதைத் தள்ளினால் கிளட்ச் டிரம்மை இறுக்க வேண்டிய பட்டையும் ஸ்பிரிங்கும் உள்ளே கிடையாது. யாரோ பொறுமையாகக் கழற்றி எடுத்திருக்கிறார்கள்.

"அத எல்லாரும் கழட்டிருவாங்க சார். சும்மா சும்மா புடிச்சுக்கும்."

பாரின் நுனியில் மேல் கால்பாகம் எதிலாவது தட்டினால் செயினால் அறுக்க முடியாது. பதிலுக்கு முழு மிஷினும் மேலே எழும்பிப் பின்பக்கம், அதாவது முகத்துக்கும் இடது தோளுக்கும் வரும். ஏழு பல் சக்கரத்தில் நிமிஷத்துக்கு 9000 சுற்று என்றால் செயின் வினாடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. கை அதைத் தடுக்க நேரமே இல்லை. தடுப்பில் மணிக்கட்டு இடித்துச் செயின் நிற்க வேண்டும். 1970-களில் இந்த ஏற்பாடு வந்தது பல பேருடைய முகங்களைக் கொடுத்த பிறகு.

இதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சட்டைக் காலரை இழுத்துக் காட்டினார். இடது தோளிலிருந்து காரை எலும்பு வரைக்கும் ஒரு தழும்பு.

"கஜா அப்ப சார். மரத்துமேல மரம் கெடந்துச்சு. அடியில ஒரு மரம் கெடந்தது தெரியல."

"அந்த மிஷின்ல பிரேக் இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சு. கழட்டி வச்சிருந்தோம்."

இதற்குப் பிறகு அவர் சம்மதிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். இல்லை. மறுநாள் பக்கத்து ஊரில் மூன்று நாள் வேலை ஒப்புக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து பிரேக்கோடு கூடிய மூடி வர நாலு நாளாகும். பிரேக் இல்லாமல் தரமாட்டேன் என்றேன். அவர் வாதாடவில்லை. "நாலு நாள்னா நாலு நாள் கூலி சார்" என்றார். கொடுத்தேன். ஆனால் அந்தத் தோப்புக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். நாற்பது மரத் தோப்பு. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கூப்பிடும் இடம். அது நாலு நாள் கூலிக்குள் அடங்குகிற நஷ்டமில்லை. தழும்பு அவருடையது, பிடிவாதம் என்னுடையது, நஷ்டமும் அவருடையது. இருந்தும் இன்னொரு தடவை இதே நிலை வந்தால் இதையேதான் செய்வேன். அவர் தரப்பில் நின்று பார்த்தால் இது ஒரு முதலாளியின் பிடிவாதமாகத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

மூடி வந்தது. கார்புரேட்டரைச் சரிபார்க்கும் வேலை மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி ஆயில். எல், எச் என்று இரண்டு திருகுகள்; இரண்டையும் மெல்ல உட்கார வைத்து ஒரு சுற்றுத் திறந்தால் கிளம்பும். நன்றாகச் சூடேற விட்டு, எல் திருகை ஐட்லிங் உச்சத்துக்கு வரும்வரை திருகி, அதிலிருந்து ஒரு மயிரிழை திறந்து வைக்க வேண்டும். த்ராட்டிலை அமுக்கினால் தயங்கக் கூடாது. விட்டால் செயின் நிற்க வேண்டும். அதற்கு டி என்ற மூன்றாவது திருகு. மிஷினை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தோம். சத்தம் மாறினால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். மாறவில்லை.

எச் திருகுதான் விஷயம். முழு வேகத்தில் அதை மூட மூடச் சத்தம் உயர்ந்து, மெலிந்து, ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது. காதுக்கு அதுதான் சுகம். ஆனால் டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. அந்த சுகமான ஸ்வரத்திலேயே பிஸ்டன் தீய்ந்துகொண்டிருக்கும். மெக்கானிக் திருகைத் திறந்துகொண்டே வந்தார். சத்தம் உடைந்தது. ஒரு கரகரப்பு, இருமல் மாதிரி. "இது. இதுல நிக்கணும். கட்டைக்குள்ள போனா தானா தெளிஞ்சுரும்" என்றார். எங்கள் மூவரில் அந்த உடைவைக் கேட்டவுடன் பிடித்தவர் மரம் அறுக்கிறவர்தான். அவருடைய பழைய மிஷின் சாவதற்கு முன் இரண்டு நாள் எவ்வளவு இனிமையாகப் பாடியது என்பதை அவர் சொன்னார்.

பிறகு பல் தீட்டல். .325-க்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம், 30 டிகிரிச் சாய்வு, உள்ளிருந்து வெளியே மட்டும், எல்லாப் பல்லுக்கும் எண்ணி அதே தடவை. முன்னால் நிற்கும் மேடு பல்லின் முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ இருக்க வேண்டும். நார் சீவலாக விழுந்தால் பல் கூர். மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது.

தென்னைக்கு ஆண்டு வளையம் கிடையாது. வெளிச்சுற்று கருங்கட்டை, நடு ஈரச் சோறு. வெளிச்சுற்றின் நார்கள் பல்லைத் தின்றுவிடும். முதல் இரண்டு மரங்களுக்குள் மாவு விழ ஆரம்பித்தது. நடுவில் ஒருமுறை பிரேக் டக்கென்று பிடித்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், தடுப்பைப் பின்னால் இழுத்தார், தொடர்ந்து அறுத்தார். காரணமாகப் பிடித்ததா, சும்மா பிடித்ததா என்று நான் கேட்கவில்லை.

நாலாவது மரத்தில் செயின் நாலு விரல் ஆழம் போனதும் சட்டென்று உள்ளே விழுந்தது. நடு முழுக்கக் கூழ். புளித்த வாடை. கட்டைவிரல் தடிமனில் காலில்லாத வெள்ளைப் புழுக்கள், பழுப்புத் தலையோடு. அவர் மிஷினை அணைத்துவிட்டு, மட்டையையும் சருகையும் அள்ளிவந்து குவித்தார். மீதிப் பெட்ரோலை அதன்மேல் ஊற்றச் சொன்னார்.