அயலார் கூடும் இல்லம்

முன்பின் அறியாத சிலர் ஒரு விடுதியில் வந்து தங்குகின்றனர். ஒருவர் துயரை மற்றவர் மெல்ல அறிகின்றனர். பிரியும் வேளையில் அவர்கள் ஒருவருக்கொருவர் அயலாராக இல்லை. கதை இவ்வளவுதான். எனினும் மக்கள் இதனைச் சலிப்பின்றிப் படித்து வருகின்றனர். இத்தகைய கதைகளுக்கு எழுத்தாளர் பெரிதும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் களம் கடற்கரை. அதற்குக் காரணம் உண்டு. ஊருக்குள் மேலோர் கீழோர் என்னும் வேற்றுமை இருக்கும். கடற்கரை விடுதியிலோ வந்தவர் அனைவரும் விருந்தினரே. ஒரே பந்தியில் உண்கின்றனர். ஒரே அலையோசையைக் கேட்டு உறங்குகின்றனர். தம் ஊராரிடம் சொல்லக் கூசுவதை மீண்டும் காணப்போகாத ஒருவரிடம் மனம் எளிதில் சொல்லிவிடுகிறது.

எலிசபெத் வான் ஆர்னிம் என்னும் எழுத்தாளர் 1922ஆம் ஆண்டில் எழுதிய புதினத்தில், இலண்டனைச் சேர்ந்த நான்கு பெண்கள் இத்தாலியக் கடற்கரையிலுள்ள ஒரு பழைய கோட்டையை ஒரு மாதத்திற்கு வாடகைக்கு எடுத்துத் தங்குகின்றனர். அயர்லாந்து எழுத்தாளர் மேவ் பின்சி மறைந்த 2012ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய இறுதிப் புதினம், அந்நாட்டு மேற்குக் கடற்கரையில் புதிதாகத் திறக்கப்பட்ட ஒரு விடுதியின் முதல் வாரத்தைச் சொல்கிறது. இரண்டிற்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள் கழிந்திருந்தும் படிப்போர் நெஞ்சில் அவை எழுப்பும் ஏக்கம் ஒன்றே.

மாணாக்கர் எழுதும் சிறுகதைகளை நெடுங்காலமாகப் படித்து வருபவன் நான். அவர்கள் கதைகளிலும் இவ்விடுதி உண்டு. பெரும்பாலும் அது போர்ட்டிக்சனில் இருக்கும். தந்தையோடு பிணங்கிய இளைஞன் ஒருவன் அங்கே ஒரு முதியவரைச் சந்திப்பான். மூன்றாம் நாள் அனைவரும் கண்ணீர் விட்டுத் தழுவிக்கொள்வர். மொழி தூயதாக இருக்கும், நோக்கமும் நல்லதே. ஆயினும் படித்து முடித்த பின் நெஞ்சில் ஒன்றும் தங்குவதில்லை. ஏன்? அக்கதையில் எவருக்கும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் அன்பு காட்டுவதற்கு எந்த விலையும் கொடுப்பதில்லை.

விலை கொடுத்த அன்பு எத்தகையது என்பதை டெரன்ஸ் ரட்டிகன் 1954ஆம் ஆண்டில் எழுதிய ஆங்கில நாடகம் ஒன்று காட்டுகிறது. போர்ன்மத் என்னும் கடற்கரை நகரில் ஒரு விடுதி. அங்கு நெடுநாள் தங்கியிருப்போருள் ஒருவர் தம்மைப் படைத்தலைவர் என்று பொய்யாகச் சொல்லி வந்தவர். அவர் செய்த இழிசெயல் ஒன்று செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அவரை வெளியேற்ற வேண்டுமென ஓர் அம்மையார் மற்றவரைத் திரட்டுகிறார். அவரோ போகாமல், இரவு உணவு வேளையில் உள்ளே வந்து தம் வழக்கமான இடத்தில் அமர்கிறார். பிற மேசைகளில் இருப்போர், ஒருவர் பின் ஒருவராக, அவரிடம் இயல்பாக இரண்டொரு சொல் பேசுகின்றனர். அம்மையாரின் மகளும் முதன்முறையாகத் தாய் சொல்லை மீறி எழுந்து போகாமல் அமர்ந்திருக்கிறாள். அங்கே தழுவலும் இல்லை, கண்ணீர்ப் பெருக்கும் இல்லை. ஒரு மனிதருக்கு அவருடைய நாற்காலி மிஞ்சுகிறது, அவ்வளவே. ஆயினும் நெஞ்சம் நெகிழ்கிறது.

இதிலிருந்து நான் பெற்ற தெளிவு ஒன்று. இவ்வகைக் கதையின் உயிர் சந்திப்பில் இல்லை; வாசலில் இருக்கிறது. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே தள்ளுவது, யார் விரும்பியபோது போகலாம் என்பவற்றை முடிவு செய்வோர் யார்? இவ்வினாக்கள் எழாத கதை வெறும் உல்லாசப் பயணக் கட்டுரையாகவே முடியும்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். மணிமேகலைக் காப்பியத்தின் கடற்கரை நகராகிய புகாரில் உலக அறவி என்றொரு பொது அம்பலம் உண்டு. நோயுற்றோரும் ஆதரவற்றோரும் ஒதுங்கும் இடம் அது. அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை அங்கேதான் செல்கிறாள். யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வாடிய காயசண்டிகையின் பசியைத் தீர்த்தவள் அவள். பின்னர் அரசனிடம் வரம் பெறும் வாய்ப்பு வந்தபோது பொன்னோ மணியோ அவள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்றே கேட்டாள். பூட்டிய வாசலைத் திறப்பதே அவள் கண்ட அறம்.

அப்பாத்திரத்தை அவளுக்கு முன்பு வைத்திருந்த ஆபுத்திரன் கதையும் எண்ணத்தக்கது. கடலில் சென்ற மரக்கலம் மணிபல்லவத் தீவில் தங்கியபோது அவன் கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டதாகக் கருதி மரக்கலம் போய்விட்டது. ஆளில்லாத் தீவு, கையிலோ அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. பிறருக்கு ஊட்ட வழியின்றித் தன் வயிற்றை மட்டும் வளர்க்க விரும்பாத அவன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். விருந்தோம்புவோனுக்கும் விருந்தினர் தேவை என்பதை இதனினும் உருக்கமாகச் சொன்ன கதையை நான் அறியேன்.

நான் வாழும் சுங்கை பூலோவில் கடல் இல்லை. ஆனால் அயலார் கூடி வாழ்ந்த இல்லம் ஒன்று இங்கே இருந்தது. அதன் எச்சம் இன்றும் உள்ளது. 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பே அது. நோயாளரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தும் சட்டம் 1926ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எனப் பல இனத்தாரும் நாட்டின் பல மூலைகளிலிருந்து இப்பள்ளத்தாக்கிற்குக் கொண்டுவரப்பட்டனர். ஒரு காலத்தில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் இங்கு வாழ்ந்தனர். தோட்டநகர் போல வரிசையாகச் சிறு வீடுகள், பள்ளிக்கூடம், பள்ளிவாசல், தேவாலயம், கோயில், காவல்நிலையம், சிறைச்சாலை எல்லாம் உள்ளேயே அமைந்தன. குடியிருப்புக்கெனத் தனி நாணயமும் தொடக்கத்தில் இருந்தது. வெளியிலிருப்போர் அவர்கள் கைபட்ட காசையும் அஞ்சினர்.

அங்கே நட்பு மலர்ந்தது, காதலும் மலர்ந்தது, திருமணங்கள் நடந்தன. ஆனால் பிறந்த மகவைப் பெற்றோர் தம்முடன் வைத்துக்கொள்ள முடியவில்லை. குழந்தைகள் பிரிக்கப்பட்டனர், பலர் தத்துக் கொடுக்கப்பட்டனர். 1940களில் டாப்சோன் மருந்தும், உலக சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டில் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையும் தொழுநோயைக் குணமாகும் நோயாக்கின. வாசல் திறந்தது. எனினும் நலமடைந்தோர் பலர் போகவில்லை. போவதற்கு வீடு எங்கே? அவர்கள் பூச்செடி வளர்த்து விற்றனர். இன்று வார இறுதியில் தலைநகரத்தார் திரண்டு வந்து செடி வாங்கும் சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகளுக்கு இப்படித்தான் வேர் விழுந்தது. 2007ஆம் ஆண்டில் குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகள் பல இடிக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டில் இவ்விடம் யுனெஸ்கோ உலக மரபுடைமைக்கான முன்மொழிவுப் பட்டியலில் இடம் பெற்றது.

பள்ளித் தோட்டத்திற்குச் செடி வாங்க நான் அங்குச் செல்வதுண்டு. சீன முதியவர் ஒருவர் என்னைக் கண்டதும், "சிக்கு, சாப்பிட்டாச்சா?" என்று தமிழிலேயே கேட்பார். அவர் அறிந்த தமிழ் ஏறத்தாழ அவ்வளவே. யாரிடம் கற்றீர் என வினவினேன். பக்கத்து வீட்டில் ஒரு தமிழர் இருந்தாராம். அவரைக் காண எவரும் வந்ததில்லையாம். "எனக்கும் எவரும் வரவில்லை. ஆகையால் மாலையில் நான் அவர் வீட்டிற்கு விருந்தாளியாகப் போவேன், மறுநாள் அவர் என் வீட்டிற்கு வருவார்" என்று மலாயில் சொன்னார். சொல்லிக்கொண்டே செடியின் வேரில் மண்ணை அழுத்தினார்.

இதனை அப்படியே எழுதினால் நெஞ்சை உருக்கும் கதையாகிவிடும். ஆனால் அங்கேதான் எழுதுவோன் விழிப்பாக இருத்தல் வேண்டும். அவ்விருவரும் ஒருவருக்கொருவர் விருந்தினரானது அவர்களுடைய பெருமை. எவரும் வராமற்போனது நம்முடைய சிறுமை. முன்னதைப் பாடிப் பின்னதை மறைக்கும் கதை, துன்புற்றோரின் அன்பைக் கொண்டே துன்பம் செய்தோருக்கு மன்னிப்பு வாங்கித் தருகிறது. உள்ளே மலர்ந்த நட்பினால் வெளியே பூட்டிய கதவு நியாயமாகிவிடாது. அதே வேளையில், கதவை மட்டும் பழித்து நட்பைக் காணாமல் விடுவதும் குறையே. அவர்கள் நோயாளராக மட்டும் வாழவில்லை. அண்டை வீட்டாராகவும் வாழ்ந்தனர்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். அயலார் சந்திக்கும் கதையை மாணாக்கர் எழுதி வரும்போது, "இவ்விடுதியில் சமைப்பவர் யார்? இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் யார்? வீடு திரும்ப முடியாதவர் யார்?" என்று கேளுங்கள். அவ்வினாக்களுக்கு விடை தேடத் தொடங்கும் மாணாக்கர் தாமே பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்ப்பர். போர்ட்டிக்சன் வரை போக வேண்டியதில்லை. நம் ஊர் மருத்துவமனைக் கூடத்திலும், முதியோர் இல்லத்திலும், அயல்நாட்டுத் தொழிலாளர் நெருங்கி வாழும் விடுதியிலும் அக்கதை எழுதுவாரின்றிக் கிடக்கிறது. அதனை எழுதும் கை நம் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வருமாயின், அதனினும் பெரிய மகிழ்ச்சி எனக்கு வேறில்லை.