விட்டல் மல்லையா சாலையில் ஒரு மாலை

விளாத்திகுளம் பக்கத்துப் புதூரிலிருந்து பெங்களூரு போகிறவர்கள் கோவில்பட்டிக்கு வந்து நாகர்கோவில் ரயிலைப் பிடிப்பார்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா, அம்மாக்கள் கையில் கடலைமிட்டாயும் மிளகாய் வத்தலும் இருக்கும். லால்பாக், விதான சவுதா பார்த்த பிறகும் ஒரு மாலை மிச்சமிருந்தால் விட்டல் மல்லையா சாலைக்குப் போய் வரலாம். வேடிக்கை பார்க்கக் காசு வேண்டாமே!

கப்பன் பூங்காவுக்கு அருகில்தான் இருக்கிறது. யு.பி. சிட்டி என்ற உயர்ந்த கட்டடங்கள். உள்ளே விலைச் சீட்டைத் திருப்பினால் தலை சுற்றும் கடைகள். எல்லாம் சாராயக் காசில் எழுந்தவை. 1826-ல் மதராஸில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கிய மெக்டவல் கம்பெனியை 1951-ல் வாங்கியவர் விட்டல் மல்லையா. ஆடம்பரம் பிடிக்காத மனிதர். 1983-ல் அவர் இறந்ததும், மகன் விஜய் மல்லையா இளம் வயதிலேயே தலைவரானார்.

மகன் வேறு மாதிரி. 2003-ல் லண்டன் ஏலத்தில் வந்த திப்பு சுல்தானின் வாளை வாங்கியவர். 2007-ல் ஸ்காட்லாந்தின் விஸ்கி கம்பெனியையே வாங்கினார். 2009-ல் காந்தியின் மூக்குக் கண்ணாடி, செருப்பு எல்லாம் 18 லட்சம் டாலருக்கு. கார் பந்தய அணி, உல்லாசக் கப்பல், கோவாவில் காண்டோலிம் கடற்கரை மாளிகை... 2015 டிசம்பரில் அந்த மாளிகையில் 60-வது பிறந்த நாளை அமர்க்களமாகக் கொண்டாடினார். அவருடைய கிங்ஃபிஷர் விமானங்கள் பறப்பதை நிறுத்தி அப்போது 3 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊழியர்களின் சம்பள பாக்கி அப்படியே நின்றது.

புதூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது அடமானக் கதையைத்தான். கரிசலில் உளுந்து விதைக்கக் கடன் வேண்டுமென்றால், வீட்டுப் பெண்ணின் கம்மலும் வங்கிக்குப் போகும். ஒரு குண்டுமணி குறைந்தாலும் கடன் குறையும். மல்லையாவின் விமானக் கம்பெனிக்கோ, ‘கிங்ஃபிஷர்’ என்ற பெயரையும் ஈடாக எடுத்துக்கொண்டு வங்கிகள் கோடிகளைக் கொடுத்தன. 2016-ல் அந்தப் பெயரை 366 கோடி ரூபாய்க்கு மேல் விலை வைத்து ஏலம் விட்டபோது கேட்க ஓர் ஆள் வரவில்லை! பிறகு அவருடைய மற்ற சொத்துகளை விற்று, 14,131 கோடி ரூபாய் வங்கிகளுக்குத் திரும்பியதாக 2024-ல் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் சொன்னார். வாங்கியதைவிட அதிகமாகவே எடுத்துவிட்டார்கள் என்பது மல்லையாவின் வாதம்.

கிளம்பும் முன், பக்கத்தில் நிற்கும் கிங்ஃபிஷர் டவர்ஸை அண்ணாந்து பாருங்கள். மல்லையா குடும்பத்தின் பழைய வீடு இருந்த இடம் அது. 30 மாடிகளுக்கும் மேலே, அமெரிக்க வெள்ளை மாளிகை போல ஒரு பங்களாவைத் தனக்கெனக் கட்டவைத்தார். அதில் குடியேறாமலே 2016 மார்ச்சில் லண்டன் போய்விட்டார்.