காட்டாத வலப்பக்கம்

என் நீல நிற பீட்டில் காரை எடுத்த படங்கள் எதிலும் அதன் வலப்பக்கம் இருக்காது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தப் பக்கத்துக் கதவிலும் பின் மட்கார்டிலும் பெயிண்ட் சரியாக விழவில்லை. மறைத்ததோடு நின்றிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது. மறைத்து எடுத்த படத்தை நம்பி வந்த ஒரு பையனுக்குத் தெரிந்தே தவறான வழி சொன்னேன்.

கார் என்றால் நிஜக் கார் இல்லை, டாமியாவின் 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட். பதினேழு சென்டிமீட்டர் நீளம் வரும். சென்னை வெயிலில் தின்னர் சட்டென்று ஆவியாகிவிடும். ஏர்பிரஷ்ஷைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலே போதும், பெயிண்ட் துளி பாதி காய்ந்துபோய்த்தான் பாடியில் உட்காரும். ஒன்றோடொன்று கலந்து சமமாகப் பரவாமல், ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாக நின்றுவிடும். இடப்பக்கம் அடித்தபோது கை ஒழுங்காக ஓடியது. வலப்பக்கத்துக்கு வந்தபோது முடித்துவிடும் அவசரம். சரிசெய்யவே முடியாத குறை இல்லை. 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, காம்பவுண்டு போட்டு மெருகேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதைச் செய்யாமல் கேமராவை எடுத்தேன்.

பெயிண்ட் அடித்து கிளியர் கோட் போட்ட கார் ஒரு கண்ணாடி. அதிலும் பீட்டிலுக்குத் தட்டையான இடமே கிடையாது. மட்கார்டு குவியாடியாக வேலை செய்து அறை முழுவதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜன்னல் கம்பி, சீலிங் ஃபேன், ட்ரைபாடுக்குப் பின்னால் நிற்கும் என் சட்டை எல்லாம் அதில் தெரியும். டிங்கரிங் பட்டறையில் பெயிண்டர் குனிந்து பானெட்டை ஓரப்பார்வையாகப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். டியூப்லைட்டின் பிம்பம் அதில் எப்படி விழுகிறது என்று பார்க்கிறார். பரப்பு சமமாக இருந்தால் அந்தக் கோட்டின் ஓரம் நேராக ஓடும். பொரி இருந்தால் ஓரம் நெளியும். மறைக்கவே முடியாத சோதனை அது.

எனக்கு அது நன்றாகத் தெரியும் என்பதால்தான் டியூப்லைட்டை அணைத்தேன். காரைச் சுற்றி ட்ரேசிங் பேப்பரில் ஒரு கூடாரம் கட்டி, வெளியிலிருந்து விளக்கைப் போட்டேன். அப்போது காரில் பிரதிபலிப்பது வெறும் வெண்மைதான். நெளிவதற்கு அதில் கோடே கிடையாது. பொருளை அழகாகக் காட்ட எல்லோரும் செய்கிற ஏற்பாடு இது, தவறே இல்லை. நான் அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதில்தான் தவறு. அதற்கும் தப்பி மிஞ்சிய பொரிகளைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழித்தேன். படத்தில் விழுந்த தூசியைத் துடைப்பது வேறு, பெயிண்டையே திருத்துவது வேறு. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்தே தாண்டினேன்.

மற்றபடி அந்தப் படத்தில் உண்மையான உழைப்பும் இருந்தது. லென்ஸை மேசையிலிருந்து ஆறரை சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தேன். தெருவில் நிற்பவரின் கண் உயரம் 1/24 அளவில் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும், அதற்கு மேலே போனால் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். முன் லைட்டிலிருந்து பின் பம்பர் வரை தெளிவாக விழ எஃப் 16, ஐஎஸ்ஓ 100, சில விநாடி எக்ஸ்போஷர். காகிதம் ஆடக்கூடாது என்று ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்து வழிய நின்றேன். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் சேர்ந்தால் ஒரே காரில் இரண்டு நீலம் தெரியும், அதனால் ஜன்னலையும் மூடினேன். கேமரா வேலையை இத்தனை ஒழுங்காகச் செய்தவன், வாட்டர் பேப்பருக்கு ஒரு சாயங்காலத்தை ஒதுக்கவில்லை. இதுதான் இப்போது உறுத்துகிறது.

அமெரிக்காவில் மைக்கேல் பால் ஸ்மித் என்றொருவர் இருந்தார். எல்ஜின் பார்க் என்று ஒரு கற்பனை ஊரை உருவாக்கி, 1/24 கார்களை மேசைமேல் நிறுத்தி, பின்னால் நிஜ மரங்களும் வீடுகளும் தெரியும்படி படம் எடுத்தவர். 2018இல் காலமானார். கார் எது, பொம்மை எது என்று கண் ஏமாந்துபோகும். ஆனால் மேசை தெரியும்படி எடுத்த படங்களையும் அவரே கூடவே வெளியிட்டார். எப்படிச் செய்தேன் என்பதை ஒளித்துவைக்கவில்லை. அவர் படங்களை வருஷக்கணக்காகக் கொண்டாடி வந்தவன் நான். அவரிடம் முதலில் கற்றிருக்க வேண்டியதைக் கற்கவில்லை.

பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான். சேர்த்துவைத்த காசில் ஏர்பிரஷ் வாங்கியிருந்தான். செருப்புப் பெட்டியில் பழைய பனியன் துணி சுற்றி, கரும்பச்சை அடித்த ஒரு கார் பாடியைக் கொண்டுவந்திருந்தான்.

“அண்ணா, உங்களுது கண்ணாடி மாதிரி இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இப்படி வருது?”

பாடியை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே திருப்பிப் பார்த்தேன். கதவின்மேல் கோடு லேசாக நெளிந்தது, அவ்வளவுதான். என் வலப்பக்கத்தைவிட நன்றாகவே அடித்திருந்தான். என் கார் அலமாரியில், இரண்டடி தூரத்தில், வலப்பக்கம் சுவரைப் பார்த்தபடி நின்றது. திருப்பிக் காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். அவன் கண்ணில் இருந்த மரியாதையை இழக்க மனம் வரவில்லை.

“இன்னும் நல்லா வாட்டர் பேப்பர் போடணும் தம்பி. பொறுமை வேணும்” என்றேன். நானே செய்யாத வேலையை, தேவைப்படாத அளவுக்கு, அவன் தலையில் கட்டினேன்.

நான் சொன்னபடியே அவன் தேய்த்தான். பானெட்டின் மேடான விளிம்பில் கிளியர் போய், பச்சை போய், அடியிலிருந்த பிளாஸ்டிக் தெரிந்தது. மறுபடி அடித்தான், மறுபடி தேய்த்தான். கடைசியில் பிரேக் ஆயிலில் ஊறப்போட்டு மொத்தப் பெயிண்டையும் உரித்துவிட்டான். அவனே ஃபோனில் சொன்னான், தனக்குக் கை வரவில்லை என்று. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை, அடுத்த தடவை நன்றாக வரும் என்று ஆறுதல் சொன்னேன். இருந்ததிலேயே மோசமான பொய் அதுதான். குறை அவனுடையது என்று அவனையே நம்பவைத்துவிட்டேன்.

போன வாரம் காரைத் திருப்பிவைத்து, டியூப்லைட்டை மட்டும் போட்டு, வலப்பக்கத்தைப் படம் எடுத்தேன். கதவின் குறுக்கே வெள்ளைக் கோடு நூல் பிரிந்ததுபோல நெளிந்து ஓடுகிறது. எதையும் திருத்தாமல் அவனுக்கு அனுப்பிவிட்டு, ஃபோன் போட்டு நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்:

“அப்ப, அன்னைக்கு நான் கொண்டுவந்தது நல்லாத்தான் இருந்துச்சா அண்ணா?”

ஆமாம் என்றேன்.