காப்பும் சார்பும்

ஒரு சொல்லுக்கு ஓராயிரம் நயம் காணும் நாம், வீட்டுப் பெட்டியில் உறங்கும் காப்புறுதிப் பத்திரத்தை அத்துணைக் கூர்மையுடன் படிப்பதில்லை. செய்யுளில் ஒரு சொல்லைத் தவற விட்டால் நயம் குன்றும். பத்திரத்தில் தவற விட்டால் குடும்பம் தள்ளாடும்.

குறித்த காலத்திற்குரிய ஆயுள் காப்புறுதி எளிமையானது. சந்தா குறைவு. அக்காலத்துள் இறப்பு நேர்ந்தால் தொகை கிட்டும். நேராவிடின் கட்டிய பணம் திரும்புவதில்லை. சிங்கப்பூரில் 1989இல் தொடங்கிய சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் இவ்வகையினது. 2021 ஏப்ரல் முதல் அதன் காப்புத்தொகை 60 வயது வரை 70,000 வெள்ளி. அதன்பின் 65 வரை 55,000 வெள்ளி. இறப்பு, இறுதிநிலை நோய், முழுமையான நிரந்தர ஊனம் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும்.

என் அண்டை வீட்டார் லாரி ஓட்டுநர். ஒரு நிறுவனத்தில் இம்மூன்றும் அடங்கிய பத்திரம் வாங்கியிருந்தார். ஐம்பது வயதில் பக்கவாதம் தாக்கியது. உயிர் பிழைத்துக் கோலூன்றி நடந்தார். உட்கார்ந்து செய்யும் பணிக்குத் தகுதி உண்டென மருத்துவரும் எழுதினார். "நோய் வந்தால் பணம் வரும் என்றுதானே சொன்னார்கள், ஐயா?" என்று அவர் மனைவி பத்திரத்தை என்னிடம் நீட்டினார். மூன்றனுள் ஒன்றும் பொருந்தவில்லை. கடும் நோய்க்குரிய துணைக்காப்பு அதில் சேர்க்கப்படவே இல்லை.

'ரைடர்' எனப்படும் இத்துணைக்காப்பு சார்பெழுத்தைப் போன்றது. முதலைச் சார்ந்தே நிற்கும். அடிப்படைப் பத்திரம் முடிந்தால் அதுவும் முடியும். கடும் நோய்க்கான துணைக்காப்பு இருவகைப்படும். ஒருவகை, மூலத்தொகையிலிருந்தே எடுத்துத் தரும்: 100,000 வெள்ளியில் 40,000 பெற்றால், இறப்பின்போது எஞ்சுவது 60,000 மட்டுமே. மற்றது மூலத்தொகையைத் தொடாமல் தனியே தரும். அதற்குச் சந்தா மிகும். நோயுற்றபின் சந்தாவை விலக்கிக் காப்பைத் தொடரச் செய்யும் துணைக்காப்பும் உண்டு. எல்லாம் எல்லார்க்கும் வேண்டுவதில்லை. ஆனால், அடங்கியது எது, கேட்டுப் பெற வேண்டியது எது என்பதை அறியாமல் கையொப்பம் இடலாகாது. ஆயுள் பத்திரம் கைக்கு வந்தபின் சிங்கப்பூரில் 14 நாள் மறு ஆய்வுக் காலம் இருப்பது இதற்கே.

மாணவமணிகளே, பெற்றோரின் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அது ஆங்கிலத்தில் இருப்பின், வரிவரியாகத் தமிழில் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். இருமொழி கற்றதன் பயன் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதன்று.