ஏரிக்கரையில் வீடு கட்டிய மருத்துவர்

எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1957இல், மனநல மருத்துவர் கார்ல் யுங் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லத் தொடங்கினார். அனியேலா யாஃபே என்பவர் கேட்டுப் பதிவு செய்தார். குழந்தைப் பருவத்தை யுங்கே எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1962இல், 'நினைவுகள், கனவுகள், சிந்தனைகள்' என்ற நூலாக அது வெளியானது. பட்டங்களும் பிரபலங்களும் இதில் ஓரமாகத்தான் வருகிறார்கள். நடுவீட்டில் உட்கார்ந்திருப்பவை கனவுகள்.

நனவிலி மனத்தை அறிய விரும்பி இதைப் படிப்பவர்கள் ஆறாவது அத்தியாயத்தில் நிதானமாகத் தங்க வேண்டும். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டோடு உறவு முறிந்த காலம் அது. யுங்குக்கு வயது முப்பத்தெட்டை நெருங்குகிறது. பெயர்பெற்ற மனநல மருத்துவர். ஆனால் தன் கனவுகளே தனக்கு விளங்கவில்லை. கடந்த வாழ்க்கை முழுவதையும் இருமுறை அலசிப் பார்த்தும் கலக்கத்தின் காரணம் பிடிபடவில்லை. கடைசியில், மனம் போகிற வழியில் போவது என்று முடிவெடுக்கிறார். சிறுவயதில் கற்களை அடுக்கி விளையாடியது நினைவுக்கு வருகிறது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, ஏரிக்கரையில் கற்களைப் பொறுக்கிக் குட்டி வீடுகளும் ஒரு தேவாலயமும் கட்டுகிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கி, நோயாளிகள் வரும்வரை தினமும் இதே வேலை.

இந்தப் பக்கங்கள் எனக்கு மிகவும் முக்கியமானவை. கனவு கண்டால் உடனே பலன் கேட்பது நம் வழக்கம். படித்தவர்கள் சோதிடருக்குப் பதில் கோட்பாட்டிடம் கேட்கிறார்கள். இரண்டிலும் அவசரம் ஒன்றுதான். அத்தனை கோட்பாடும் கைவசம் இருந்த யுங், பதில் தெரியாமலே பொறுத்திருந்தார். கைகளுக்கு வேலை கொடுத்தார். அடுக்கிய கற்களிலிருந்து, குழந்தையாக இருந்தபோது கண்ட ஒரு கனவு மீண்டு வந்தது. அதன் பின் கற்பனைகள் வெள்ளமாக வந்தன. ஒவ்வொன்றையும் கவனமாக எழுதிவைத்தார்.

புத்தி பேதலித்துவிடுமோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. அப்போது தன்னை நிலைநிறுத்தியவை குடும்பமும் தொழிலும்தான் என்கிறார். தனக்கு மனைவி இருக்கிறாள், ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்ன தெருவில் வீடு இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்தாக வேண்டியிருந்தது.

உள்ளே இறங்குவது உலகத்தை விட்டு விலகுவதல்ல என்று இந்த நூல் எனக்குக் கற்பிக்கிறது. அன்றாடக் கடமைகள் பாரமாகத் தெரியலாம். ஆனால் மனத்தின் ஆழத்துக்குப் போகிறவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவை அவையே.