கொழும்பில் ஒரு நண்டு விருந்து

இலங்கைப் பயணத்தில் நாம் கண்ட புதுமைகளுள் ஒன்று, கொழும்புக் கோட்டையில் டச்சுக்காரர் கட்டிய பழைய மருத்துவமனையில் நடைபெறும் நண்டு உணவகம். 'மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்' என்பது அதன் பெயர். சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்கள் மகேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோர் 2011-இல் தொடங்கியது. அரைக் கிலோ முதல் இரண்டு கிலோவுக்கு மேற்பட்டவை வரை, எடைக்கேற்பப் பெயரிட்டு நண்டு பரிமாறுகின்றனர். மார்பில் துணி கட்டிக்கொண்டு, ஓட்டை உடைத்துக் கையாலேயே உண்ண வேண்டும். மிளகும் பூண்டும் மணக்கின்றன.

இலங்கைக் களப்புகளின் பெருநண்டுகள் நெடுங்காலம் சிங்கப்பூருக்கே விமானமேறின. பிடித்த நாட்டாருக்கு அவை எட்டவில்லை. அக்குறையே இவ்வுணவகத்திற்கு வித்தாயிற்று.

நம் தஞ்சைத் தரணியில், வரப்பு வளையில் பிடித்த வயல் நண்டை இடித்து ரசம் வைத்துச் சளிக்கு மருந்தாக்கினர் உழவர். பூச்சிமருந்து பெருகியபின் அவை அருகின. நாகைக் கடலின் இறாலோ ஏற்றுமதிக்குச் செல்கின்றது. வலை இழுத்த கை சுவைக்காத விருந்து, எப்படி முழு விருந்தாகும்?